முறுக்கு டப்பாவுக்குக் கொடுத்த இடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாத முதல் வாரத்தில், கலிபோர்னியாவின் மில்பிடாஸில், ஒரு நல்ல மனிதரிடம் "வண்டியில் இடமில்லை" என்று பொய் சொன்னேன். இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு முறுக்கு டப்பாவை உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, எழுபத்திரண்டு வயதில் நான் செய்த காரியம் இது.

எங்கள் நிலைமையைக் கொஞ்சம் சொன்னால்தான் இதன் கனம் புரியும். மனைவி போன பிறகு நான் மகன் வீட்டோடு வந்துவிட்டேன். பக்கத்துக் குடியிருப்புகளில் என்னைப் போல இன்னும் சிலர். பாதிப் பேர் கிரீன் கார்டு வாங்கித் தங்கிவிட்டவர்கள், மீதிப் பேர் ஆறு மாதம் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போக வருகிறவர்கள். நடந்து போகிற தூரத்தில் ஒரு பூங்கா, அதன் நடுவில் குளம். தினமும் காலை ஒன்பது மணிக்கு அங்கே ஏழெட்டுப் பேர் கூடுவோம். குளத்தைச் சுற்றி மூன்று நடை, அப்புறம் பெஞ்சில் ஒரு மணி நேரப் பேச்சு.

எங்களில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவருக்குக் கால் இருந்தும் பிரயோஜனமில்லை. யாராவது ஒருவருடைய மகனோ மருமகனோ மனம் இரங்கி ஒரு சனிக்கிழமை வண்டி எடுத்தால் உண்டு. அதில் ஓர் இருக்கை கிடைத்தால் நான்கு நாட்களுக்கு முன்பே துணி எடுத்து வைப்போம். யார் யார் வருவது என்று பட்டியல் எழுதும் வேலை என்னுடையது. "புரொபசர் சார் எழுதினா சண்டை வராது" என்று எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்த வேலை.

அந்தக் கூட்டத்தில் ஓர் அண்ணாச்சி இருந்தார். திருச்செந்தூர் பக்கத்துக்காரர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் படிப்பு எட்டாவதோடு சரி. சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். அமெரிக்கர்கள் நாயோடு எதிரே வந்தால் நாய்க்குத்தான் முதலில் "குட் மார்னிங்" சொல்வார். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அந்த ஒரு காலை வரைக்கும்.

சான் பிரான்சிஸ்கோவைத் தாண்டி வடக்கே, கடற்கரை ஓரமாக ஓர் ஏரி இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேடுகள். வசந்தம் தொடங்கும்போது போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று யாரோ சொல்ல, அந்தச் சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டோம். நான் புவியியல் ஆசிரியன். மணல்மேடு என்றதும் கை பரபரத்தது. ஒரு குச்சியை எடுத்துத் தரையில் பிறை போல ஒரு கோடு போட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்தப் பக்கம் சரிவாக இருக்கும், எந்தப் பக்கம் செங்குத்தாக இருக்கும் என்று முழு வகுப்பே எடுத்தேன். கடைசியில், "செங்குத்தான பக்கம் ஏறினால் தூரம் குறைவு, நாம் அப்படியே ஏறிவிடலாம்" என்றேன்.

அண்ணாச்சி கடகடவென்று சிரித்துவிட்டார்.

"சார், நீங்க மணல்ல நடந்ததே இல்லியோ? அந்தப் பக்கம் ஏறினா ஒரு அடி மேல வச்சா ரெண்டு அடி கீழ வருவிய. விடியுத வரைக்கும் ஏறிக்கிட்டேதான் இருக்கணும்!"

மொத்தப் பெஞ்சும் சிரித்தது. அவருடைய ஊரைச் சுற்றி இருப்பதே தேரிக்காடு, செம்மணல் மேடுகள். அவர் சொன்னது முழுக்கச் சரி. முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் மணல்மேடு வரைந்த நான் ஒரு மணல்மேட்டில்கூடக் கால் வைத்ததில்லை என்பதும் உண்மை. அதனால்தான் அவ்வளவு சுருக்கென்றது.

அன்று மாலையே அவருக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, வேன்ல இடம் நிறைஞ்சுபோச்சு. அடுத்த தடவை பார்ப்போம்" என்றேன். "அதுக்கென்ன சார், போயிட்டு வாங்க. அங்கன நல்லா குளிரும், தொப்பி எடுத்துக்கிடுங்க" என்றார். எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

வேனில் எட்டு இருக்கை. வண்டி ஓட்டிய மருமகப் பிள்ளையோடு சேர்த்து நாங்கள் ஏழு பேர். ஏறியதும் ஓர் அம்மாள், "ஒரு சீட் காலியா இருக்கே, அண்ணாச்சிய கூப்பிடலாமே?" என்று கேட்டார். "அவருக்கு வேற வேலை இருக்காம்" என்றேன். இது இரண்டாவது பொய். கையோடு அந்த அம்மாளின் நீல மூடி போட்ட முறுக்கு டப்பாவை வாங்கி அந்த இருக்கையில் வைத்தேன். பக்கத்தில் இரண்டு ஸ்வெட்டர். பார்த்தால் இடம் நிறைந்த மாதிரி இருந்தது.

வண்டி அண்ணாச்சியின் குடியிருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட் அருகே அவர் நின்றுகொண்டிருந்தார். தலையில் புதுத் தொப்பி, காலில் ஷூ, தோளில் ஒரு பை. கடைசி நேரத்தில் யாராவது வராமல் போனால் ஏறிக்கொள்ளலாம் என்றுதான் நின்றிருக்கிறார். வேனைப் பார்த்ததும் கை அசைத்தார். நானும் அசைத்தேன். "வாக்கிங் கிளம்பறார்போல" என்றேன். வண்டி ஓட்டியவர் நிறுத்தவில்லை.

அன்றைய மணல்மேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீம்புக்குச் செங்குத்தான பக்கமாகவே எல்லோரையும் ஏற வைத்தேன். இருபது நிமிடம் ஏறி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம். ஒருவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. உச்சியைப் பார்க்காமலே திரும்பினோம். வழியில் யாரோ வேனுக்குள் எடுத்த படங்களை எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார்கள். எல்லாப் படத்திலும் அந்த இருக்கை இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது அண்ணாச்சியின் பதில் வந்திருந்தது. "முறுக்கு டப்பா நல்லா வசதியா உக்காந்திருக்கு." அவ்வளவுதான். ஒரு சிரிப்புப் படம்கூட இல்லை.

அதன் பிறகு அவர் பூங்காவுக்கு வரவில்லை. மே மாதம் ஊருக்குத் திரும்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டு மூன்று தடவை செய்தி எழுதினேன், மூன்று தடவையும் அழித்தேன். எழுத எழுத அது விளக்கமாகத்தான் வந்தது, மன்னிப்பாக வரவில்லை. எங்கள் குழுவில் யாராவது சத்தமாகச் சிரித்தால் மட்டும் எனக்கு அந்த கேட் ஞாபகம் வரும்.

இரண்டு வருடம் போனது. போன வருடம் பிப்ரவரி கடைசியில், இந்தியச் சாமான் கடையில், ஒருவர் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே கடைக்காரப் பெண்ணிடம் தமிழில், "இது காயா, விறகா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குரலைக் கேட்டதும் திரும்பினேன். அண்ணாச்சி. பக்கத்தில் அவருடைய மனைவி கூடையோடு நின்றார்.

"அடடே, சார்! நல்லா இருக்கியளா?"

மறுபடி மகள் வீட்டுக்கு வந்தவர்கள், இன்னும் பத்து நாளில் திரும்புகிறார்களாம். இனிமேல் வரப்போவதில்லையாம். இவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார அந்த அம்மாளின் முதுகு இடம் கொடுக்கவில்லை. "மவளும் மருமவனும் வேணும்னா அங்க வரட்டும்" என்றார். எனக்கு உடனே தெரிந்தது, இந்தப் பத்து நாளை விட்டால் பிறகு இல்லை. "அண்ணாச்சி, இந்தச் சனிக்கிழமை அந்த மணல்மேட்டுக்குப் போவோமா?" என்று கேட்டேன்.

அவர் முருங்கைக்காயைத் திரும்ப வைத்தார். "வண்டியில இடம் இருக்குமா சார்?"

"இருக்கும்."

"பாப்போம்" என்றார்.

இடம் இருக்கும் என்று சொல்லிவிட்டேனே தவிர வண்டியே இல்லை. மகனுக்கு அந்த வாரம் ஆபீஸ் வேலை. மருமகளுக்கு வேறு ஏற்பாடு. மிச்சம் இருந்தது, கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி. கேட்டதும், "தாத்தா, இட்ஸ் லைக் த்ரீ அவர்ஸ் ஒன் வே!" என்றாள். ஏன் இப்போதே போக வேண்டும், அடுத்த மாதம் போனால் என்ன என்று துளைத்தாள். வேறு வழியில்லாமல் நடந்ததை முழுதும் சொன்னேன். இந்த விஷயத்தை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "தாத்தா, தட்ஸ் ஸோ மீன்" என்றாள். அற்பத்தனம் என்கிறாள். பிறகு போனை எடுத்து அலாரம் வைத்தாள். "ஓகே. சாட்டர்டே, செவன்."

சனிக்கிழமை ஏழு மணிக்கு அதே கேட் முன்னால் கார் நின்றது. அண்ணாச்சியைக் காணோம். பேத்தி, "கால் ஹிம், தாத்தா" என்றாள். எனக்கு மனம் வரவில்லை. இறங்கி கேட் அருகே போய் நின்றேன். குளிர் காதைக் கடித்தது. தொப்பி எடுத்துவர மறந்திருந்தேன். ஏழேகால். ஏழரை. தெருவில் போன ஒவ்வொரு காரும் என்னைப் பார்த்துவிட்டுப் போவதாகத் தோன்றியது. வரமாட்டார், வராவிட்டால் அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். நாற்பது நிமிடம் ஆனது.

மாடிப்படியில் முதலில் அந்தத் தொப்பி தெரிந்தது. அதே தொப்பி. பின்னால் அவர் மனைவி, கையில் ஒரு டப்பா.

"ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன் சார்," என்றார் அண்ணாச்சி. "இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு இவதான் சொன்னா."

"பொய் சொல்லுதாரு" என்றார் அந்த அம்மாள். "நான் இட்லி அவிச்சு முடிச்சு அரை மணி நேரமாச்சு. இவருதான் திரையை விலக்கி விலக்கி ரசிச்சுக்கிட்டு இருந்தாரு."

காரில் ஏறியதும் அண்ணாச்சி அந்த டப்பாவை வாங்கி என் கையில் கொடுத்தார். நிறைய முறுக்கு. "மடியில வச்சுக்கிடுங்க சார். சீட்ல வைக்காதிய."

பேத்திக்கு அந்தத் தமிழ் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் கதை தெரியுமே, ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். மூன்று மணி நேரமும் அந்த டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். கோல்டன் கேட் பாலத்தில் அண்ணாச்சி விசில் அடித்து, "பாலத்துல எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கத்தினார். அதற்குள் டப்பாவில் கால் பங்கு காலியாகியிருந்தது.

மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. குன்றுகள் எல்லாம் கண் கூசும் பச்சை. ஏரி ஓரமாக ஒற்றையடிப் பாதை, இருபுறமும் மஞ்சள் பூக்கள். தண்ணீரில் இரண்டு நீர்நாய்கள் மீன் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அண்ணாச்சியின் மனைவி அதைவிட்டு நகர மாட்டேன் என்றார். "நீங்க போயிட்டு வாங்க, நானும் பாப்பாவும் இதுங்க பஞ்சாயத்து முடிஞ்சதும் வாரோம்." இருவரும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஒருத்தி தமிழில் பதில் சொல்ல மாட்டாள். ஆனாலும் பேச்சுச் சத்தம் எங்களுக்குத் தூரம் வரை கேட்டது.

மணல் தொடங்கும் இடத்தில் அண்ணாச்சி ஷூவைக் கழற்றினார். நானும் கழற்றினேன். மணல் சில்லென்று இருந்தது. ஏதோ பறவை முட்டையிடும் காலம் என்று ஒரு பக்கம் கயிறு கட்டி எழுதிப் போட்டிருந்தார்கள். அதை விட்டு விலகி, காற்று வருகிற பக்கமாக, நேரே ஏறாமல் சாய்த்துச் சாய்த்து ஏறினார். "என் கால் தடத்துலயே கால வையுங்க சார். நான் மிதிச்சு இறுக்கினது, உங்களுக்குச் சறுக்காது." அப்படியே வைத்தேன். சறுக்கவில்லை. புவியியலில் முதுகலைப் பட்டம் வாங்கி ஐம்பது வருடம் கழித்து முதல் தடவையாக ஒரு மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, சின்னப் பிள்ளை மாதிரி.

பாதி மேட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னிக்கு வேன்ல இடம் இருந்தது. வேணும்னேதான் இல்லைன்னு சொன்னேன். மன்னிச்சிடுங்க."

"தெரியும் சார். படத்துல பாத்தேனே."

"எல்லார் முன்னாலயும் நீங்க என்னைத் திருத்தினீங்க. அந்தக் கோபம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் எப்ப உங்களைத் திருத்தினேன்?"

அவருக்கு அந்தப் பெஞ்சுப் பேச்சு ஞாபகமே இல்லை. செங்குத்தான பக்கம், ஒரு அடிக்கு இரண்டு அடி, எல்லாவற்றையும் நானே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மணலை அள்ளி விரல் வழியாக ஒழுகவிட்டார்.

"நான் வேற மாதிரில்லா நினைச்சேன். எட்டாவது படிச்சவன், கண்டக்டரா இருந்தவன், உங்க கூட்டத்துக்குப் பொருந்தமாட்டேன்னு விட்டுட்டியன்னு. மவ கிட்டகூட சொல்லல. சொன்னா அவளுக்கும் தலைகுனிவுதானே."

"சேச்சே, அப்படி இல்லை" என்று வாய் வரை வந்தது. வந்ததை நிறுத்திக்கொண்டேன். என்னை ஓர் இன்ஜினியரோ டாக்டரோ அன்று திருத்தியிருந்தால் இவ்வளவு சுருக்கென்று இருந்திருக்குமா? இருந்திருக்காது. 'ஒரு கண்டக்டர் எனக்குப் பாடம் எடுப்பதா' என்ற நினைப்பு அந்தக் கோபத்துக்குள் இருந்தது. அதை இந்த இரண்டு வருடத்தில் எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"அதுவும் இருந்தது அண்ணாச்சி" என்றேன்.

அவர் எழுந்து இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்தார். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், பேன்ட் என்பதால் முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டார்.

"இல்லைன்னு சொல்லியிருந்தியன்னா இங்கனயே விட்டுட்டுப் போயிருப்பேன்" என்றார். "எந்திரிங்க. மேல ஏறணும்லா?" கை நீட்டினார்.

உச்சியில் நின்றபோது ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். இரண்டும் வேறு வேறு நீலம். எங்கள் கால் தடம் ஒரே கோடாகக் கீழே வரை போனது, ஒரே ஆள் ஏறி வந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் காற்று அதை மூடிவிடும் என்று பாடம் சொல்ல ஆரம்பித்தேன். "சார், வகுப்பு போதும்" என்றார். பிறகு அந்தச் செங்குத்தான பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"இதுதானே அன்னிக்கு நீங்க ஏறலாம்னு சொன்ன பக்கம்? இது ஏறுறதுக்கு இல்ல சார். இறங்குறதுக்கு."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், உட்கார்ந்தார், சர்ரென்று சறுக்கிவிட்டார். எழுபது வயதுக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு, "ரைட் ரைட்!" என்று கத்தியபடி போனார். கீழேயிருந்து, "வாங்க சார், சீட் காலியா இருக்கு!" என்று கூவினார்.

நான் அவருடைய தொப்பியைத் தலையில் இறுக்கிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து சறுக்கினேன். வாய், காது, சட்டைப்பை எல்லாம் மணல். கீழே வந்து சேர்ந்தபோது எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. பேத்தி அதற்குள் ஓடி வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, ஒன்ஸ் மோர்!" என்றாள். இன்னும் இரண்டு தடவை ஏறினோம், இரண்டு தடவை சறுக்கினோம். மூன்றாவது தடவை அண்ணாச்சியின் மனைவியும் முதுகை மறந்து மேலே வரப் பார்த்தார். பாதியோடு நிறுத்திவிட்டோம்.

அந்த வாரமே எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், அந்த 'அதுவும் இருந்தது' உட்பட. சிலர் பதில் போடவில்லை. முறுக்கு கொண்டுவந்த அம்மாள், "வேற வேலைன்னு நீங்க சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான். என் டப்பாவையும் இதுல கூட்டு சேத்துட்டீங்களே சார்!" என்று பூங்காவிலேயே பிடித்துக்கொண்டார். பட்டியல் எழுதும் வேலையை என்னிடமிருந்து எடுத்து அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. யாரைக் கேட்காமல் விட்டோம் என்று அவர் இரண்டு தடவை பார்க்கிறார்.

அண்ணாச்சி ஊருக்குப் போய் ஒரு வருடமாகிறது. வாரத்துக்கு ஒரு குரல் செய்தி வந்துவிடும். போன வாரம் வந்ததில் பின்னால் காற்றுச் சத்தம். தேரிக்காட்டில் நிற்கிறாராம். "சார், இங்கயும் மேடு இருக்கு, சிவப்பு மேடு. நீங்க வந்தியன்னா பஸ்ல முன் சீட்ட பிடிச்சுத் தாரேன்." டிசம்பருக்கு டிக்கெட் போடச் சொல்லி மகனிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் விட்டுப்போன டப்பா என் அலமாரியில் இருக்கிறது. போகும்போது எடுத்துப் போக வேண்டும்.

இப்போதும் யாருடைய காரில் ஏறினாலும் முதலில் பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே ஒரு பையோ டப்பாவோ உட்கார்ந்திருந்தால், அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்ளும் வரை எனக்கு மனம் அமைதி அடைவதில்லை.